கொடாததைக் கொள்ளும் கண்



சென்ற வைகாசிப் பௌர்ணமி கழிந்த இரண்டாம் ஞாயிறன்று, நமது பாட வகுப்பு கலைந்த பின்னரும் ஓர் அம்மையார் மட்டும் எழுந்து செல்லாமல் பாயிலேயே அமர்ந்திருந்தார். விளக்கை அணைக்கச் சென்ற நாம் காரணம் வினவினோம். அவருடைய மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்பவள். பௌர்ணமி விழாவில் வெள்ளாடை உடுத்தி மலர்த்தட்டு ஏந்தி நின்ற அவளது புகைப்படத்தை எவனோ ஒருவன் எடுத்து, முகத்தை மட்டும் பிரித்து, ஆடையற்ற வேறோர் உடலின்மேல் ஒட்டி, கைப்பேசிக்குக் கைப்பேசி அனுப்பிவிட்டிருக்கிறான். பெண் ஐந்து நாட்களாகக் கல்லூரிக்குச் செல்லவில்லை; உணவும் சரிவர உண்ணவில்லை. உறவினர் மூவர் வீடு தேடி வந்து, "வயது வந்த பெண்ணின் படத்தை ஊர் பார்க்க விடலாமா?" என்று தாயைக் கடிந்திருக்கின்றனர். படத்தைச் செய்தவனைப் பற்றி அம்மூவரில் ஒருவரும் ஒரு சொல் உரைக்கவில்லை.

"ஐயா, என் மகள் எந்தச் சீலத்தை மீறினாள்? அதை மட்டும் சொல்லுங்கள்" என்று அந்த அம்மையார் கேட்டார்.

நாம் அன்று ஆறுதல் கூறி அனுப்பினோமேயன்றி, விடை கூறினோமில்லை. கேட்டது தெளிவான கேள்வி. அதற்கு ஆறுதல் விடையாகாது. ஆதலின் இத்திங்கள் பாடத்தை அக்கேள்வியின்மேலேயே அமைத்துள்ளோம்.

இவ்வகைச் செய்தி காதில் விழுந்தவுடன் நம்மவரில் பெரும்பாலோர் பஞ்சசீலத்துள் மூன்றாவதையே நினைக்கின்றனர். காமத்தில் முறைகேடாக ஒழுகுதலினின்று விலகுதல் என்பது அது. பாளி உரையாசிரியர்கள் அதனை விளக்குங்கால், தாயின் காவலில் உள்ளவள், தந்தையின் காவலில் உள்ளவள், உடன்பிறந்தோர் காவலில் உள்ளவள் என்று நெருங்கத் தகாதோரை வரிசைப்படுத்தி, எண்ணமும் முயற்சியும் செயலும் ஒருங்கு கூடியவிடத்தே சீலம் முறிந்ததாகக் கணக்கிடுகின்றனர். அக்கணக்கின்படி, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியில் ஆபாசப் படம் பார்ப்பவன், "நான் எவரையும் தீண்டவில்லையே" என்று எழுத்தளவில் தப்பிக்கக் கூடும். நமது வகுப்பைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இவ்வாதத்தை நம்மிடமே எடுத்துரைத்ததுண்டு. வாதம் முற்றும் பிழையென்று நாம் கூறவில்லை. தம்பி தவறான வாயிலில் காவல் நிற்கிறார் என்றே கூறினோம்.

சரியான வாயில் இரண்டாம் சீலம். அதனைத் "திருடாமை" என்று சுருக்கிக் கூறும் வழக்கம் நம்மிடை உண்டு. பாளிச் சொல்லோ "அதின்னாதானம்" என்பது; அஃதாவது, கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்ளுதல். திருட்டு என்றால் பூட்டும் சாவியும் இருளும் நினைவுக்கு வரும். கொடாததைக் கொள்ளுதல் என்றாலோ கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: உரியவர் கொடுத்தாரா? அப்பெண் தன் முகத்தை விழாவுக்குக் கொடுத்தாள், மலர்த்தட்டோடு கொடுத்தாள். தன் உடலை எவருக்கும் கொடுத்திலள். ஒட்டப்பட்ட அந்த உடலுக்குரிய வேறொரு பெண்ணும் எங்கோ இருக்கிறாள் அல்லவா? அவள் கொடுத்தாளா என்று எவரேனும் கேட்டதுண்டா? பொய்யான உருவை மெய்யென்று பரப்பியதனால் நான்காம் சீலமும் உடன் முறிந்தது. படத்தைப் பெற்று, மற்றொருவருக்கு அனுப்பிய ஒவ்வொருவரும் இவ்விரு சீலங்களையும் தம் கட்டைவிரலால் முறித்தவர் ஆவர். தாயார் கேட்ட கேள்விக்கு விடை இதுவே: மகள் எந்தச் சீலத்தையும் மீறவில்லை. மீறியவர்களுக்கு நமது கூட்டத்திலும் கணக்கு உண்டு. அதைப் பின்னர்க் கூறுவோம்.

பிறரைக் கூறுமுன் நம்மைக் கூறிக்கொள்ளல் முறை. நாம் இளமையில் பஞ்சாலையில் வேலை பார்த்த காலத்தில், ஆண் தொழிலாளர் உடை மாற்றும் இரும்புப் பெட்டிகளின் கதவுகளுக்கு உட்புறம் சினிமாத் தாரகையரின் படங்களைக் கத்தரித்து ஒட்டி வைத்திருப்போம். முழுப் படத்தை ஒட்டுவாரில்லை. வேண்டிய பகுதியை மட்டும் கத்தரிப்பர். நமது பெட்டியிலும் இரண்டு இருந்தன. அப்பகுதியைக் கூட்ட வந்த வயதான தொழிலாளி அம்மாள் ஒருநாள் திறந்திருந்த கதவைப் பார்த்துவிட்டு, துடைப்பத்தை நிறுத்தி, "தம்பி, அந்தப் பொண்ணும் நம்மளாட்டம் ஷிப்டுக்கு வந்தவதானே? அவ தலை எங்கே?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, மெய்யாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போலிருந்தது. உடன் நின்றவர்கள் நகைத்தனர். நாமும் நகைத்தோம். இன்று 30 ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்கேள்வி நம்மை விட்டகலவில்லை.

தலையைக் கத்தரித்தவன் நாம். தலையை மட்டும் கத்தரித்து எடுத்தவன் இன்றைய இளைஞன். கத்தரி ஒன்றே.

இக்கத்தரியைப் பற்றித் தேரிகாதையில் ஒரு வரலாறு உண்டு. ஜீவகனுடைய மாந்தோப்பை நோக்கித் தனியே சென்றுகொண்டிருந்த சுபா என்னும் தேரியை ஓர் இளைஞன் வழிமறித்தான். பட்டாடை, சந்தனம், மாளிகை என்று ஆசை காட்டினான். எதனால் இவ்வளவு மயங்கினாய் என்று தேரி வினவ, அவன் அவளுடைய கண்களைப் புகழ்ந்தான். சாயமிட்டு, கயிறும் ஆணியும் பூட்டி ஆட்டுவிக்கப்படும் மரப்பாவையைப் பிரித்து எறிந்தால் அதில் எதை விரும்புவாய் என்று தேரி அறிவுறுத்தியும் அவன் கேட்டானில்லை. உடனே அவள் தன் கண்ணைப் பெயர்த்து அவன் கையில் கொடுத்தாள். அவனுடைய மயக்கம் அக்கணமே அற்றது, மன்னிப்பு வேண்டினான். பின்னர் அத்தேரி பெருமானைக் கண்டபோது கண் மீண்டது என்று கதை முடிகிறது.

இவ்வரலாற்றைச் சொல்லும்போது கேட்போர் முகம் சுளிப்பது வழக்கம். அவள் ஏன் தன் கண்ணைப் பறிக்க வேண்டும், அவனுக்கன்றோ தண்டனை என்று உபாசிகைகள் கேட்பர். நியாயமான கேள்வியே. எந்தப் பெண்ணும் இவ்வாறு செய்ய வேண்டுமென்று இதனால் போதிக்கப்படவில்லை. இளைஞன் சொல்லால் செய்துகொண்டிருந்ததைத் தேரி கையால் செய்து காட்டினாள், அவ்வளவே. முழு மனிதப் பிறவியினின்று ஒரு பகுதியை அவன் ஏற்கெனவே பிரித்தெடுத்துவிட்டான். பிரித்தெடுத்த பொருள் உள்ளங்கையில் வந்து விழுந்தபோதே தான் கேட்டது இன்னதென்று அவனுக்குப் புலப்பட்டது.

பிரித்தெடுத்த பின் அடுத்த படி விலை. 2021 ஜூலையில், முஸ்லிம் பெண்களுடைய புகைப்படங்களை அவர்தம் சமூக வலைத்தளப் பக்கங்களினின்று எடுத்து, "இன்றைய சலுகை" என்பது போல ஏலப் பொருளாகக் காட்டிய செயலி ஒன்று வெளிப்பட்டது. 2022 ஜனவரி முதல் நாளன்று வேறு பெயரில் மற்றொன்று வந்தது. ஏலம் போனவருள் பத்திரிகையாளர் இருந்தனர், வழக்கறிஞர் இருந்தனர், துணிந்து பேசும் பெண்கள் என்பதே அவர்களிடையே இருந்த பொதுத்தன்மை. பணம் ஒரு காசும் கைமாறவில்லை. விற்பது நோக்கமன்று, விற்கத் தக்கவர் என்று காட்டி வாயை அடைப்பதே நோக்கம். கைதானோர் 20 வயதை ஒட்டிய இளைஞர்கள், அவர்களுள் ஒருவர் பெங்களூரில் பயின்ற பொறியியல் மாணவர், ஒருவர் பெண். கல்வி வந்தால் இந்நோய் தானே நீங்கும் என்று மேடையில் முழங்குவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஏலம் என்றவுடன் சிரிமாவின் வரலாறு நினைவுக்கு வருகிறது. இராஜகிருகத்தில் ஓரிரவுக்கு ஆயிரம் பொன் பெற்ற கணிகை அவள். அவள் இறந்தபின், பெருமானின் சொற்படி அரசன் உடலைச் சில நாட்கள் காக்கச் செய்து, ஆயிரத்துக்கு எவர் கொள்வார் என்று முரசறைவித்தான். ஐந்நூறு, இருநூற்றைம்பது என்று இறங்கி, இறுதியில் இலவசமாகக் கொடுத்தாலும் கொள்வாரில்லை. இதனைப் பெண்ணுடலை இழித்துரைக்கும் கதையென்று சிலர் பொருள் கொண்டு, அவ்வாறே உபதேசமும் செய்கின்றனர். அது பிழை. தம்மபத உரையே சிரிமா சோதாபத்தி நிலை எய்திய உபாசிகை என்றும், நாள்தோறும் எட்டுப் பிக்குகளுக்கு உணவளித்தவள் என்றும் கூறுகிறது. அங்கே இழிந்து இழிந்து ஒன்றுமில்லாமற் போனது அவள் அல்லள். ஊரார் கட்டிய விலை. பெருமான் விலக்கிய ஐந்து வணிகங்களுள் ஆயுதம், ஊன், கள், நஞ்சு ஆகியவற்றோடு உயிர் வணிகமும் ஒன்று. மனிதரை விற்றல் என்றே உரை அதற்குப் பொருள் கூறுகிறது.

இனிச் சட்டம் இதனை எவ்வாறு நோக்கியது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். இதில் கற்க வேண்டியது மிகுதி. 1868இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கில் வகுக்கப்பட்ட விதி, எளிதில் கெடக்கூடிய மனமுடையோரைக் கெடுக்கும் இயல்புடையதே ஆபாசம் என்றது. நமது உச்ச நீதிமன்றம் 1964இல் பம்பாய்ப் புத்தக வணிகர் ஒருவரின் வழக்கில் அதே அளவுகோலை ஏற்றது. 2014இல் அதனைக் கைவிட்டு, சமகாலச் சமுதாயத்தின் நெறிகளைக் கொண்டு முழுப் பொருளையும் நோக்க வேண்டும் என்றது. முன்னேற்றந்தான். ஆனால் உற்று நோக்குங்கள்: இவ்விரு அளவுகோல்களும் கேட்பது பார்ப்பவன் மனம் கெடுமா என்பதையே. பார்க்கப்படுபவளுக்கு என்ன நேர்ந்தது என்ற வினா அவற்றில் இல்லை.

இதற்குப் பூலான் தேவியின் வழக்கைவிடத் தக்க சான்று வேறில்லை. படகோட்டும் மல்லா குலத்தில் பிறந்து, மேல்சாதியினரால் வன்கொடுமைக்கு ஆளாகி, கொள்ளைக் கூட்டத்தில் சேர்ந்து, 1983இல் சரணடைந்து, 11 ஆண்டுகள் சிறையிருந்தவர். பின்னாளில் பௌத்த நெறியை ஏற்றவர். நாடாளுமன்ற உறுப்பினராகி 2001இல் சுட்டுக் கொல்லப்பட்டவர். அவருடைய வாழ்க்கை 1994இல் "பேண்டிட் குவீன்" என்ற திரைப்படமாயிற்று. தாம் பலாத்காரத்துக்குள்ளான காட்சிகள் தம் சம்மதமின்றித் திரையில் காட்டப்படுவதைத் தடுக்க வேண்டுமென்று அவரே தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகினார். அது பின்னர் உடன்பாட்டில் முடிந்தது. அதே படம் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவ்வழக்கைத் தொடுத்தவர் பூலான் அல்லர்; குஜ்ஜர் வகுப்பைச் சேர்ந்த ஓர் ஆடவர். படத்தில் வரும் கொடியவன் தம் வகுப்பினனாகக் காட்டப்பட்டதனால் தம் வகுப்புக்கு இழுக்கு என்பதும் அவர் முறையீட்டில் ஒன்று! 1996இல் நீதிமன்றம், அக்காட்சிகள் காமத்தைத் தூண்டுவன அல்ல, இரக்கத்தையும் அருவருப்பையும் எழுப்புவன, ஆகவே ஆபாசமல்ல என்று தீர்ப்பளித்தது.

தீர்ப்பில் நியாயம் உண்டு. கொடுமையைக் காட்டாமல் கொடுமையைக் கண்டிப்பது அரிது என்பதை ஒடுக்கப்பட்டோராகிய நாம் நன்கறிவோம். ஆயினும், பார்ப்போர் மனம் தூயதாகவே இருந்தது என்று வைத்துக்கொண்டாலும், அப்பெண்மணி கொடுக்காத ஒன்று எடுக்கப்பட்டதா இல்லையா? அவருடைய துன்பத்தைக் காட்டும் உரிமை எவருடையது? இவ்வினாவுக்கு அத்தீர்ப்பில் இடமில்லாமற் போயிற்று. ஒருவருடைய சாதிப் பெயருக்கு ஏற்பட்ட இழுக்கும், அரங்கில் அமர்ந்தோர் மனத்துக்கு ஏற்படும் கேடும் எடைபோடப்பட்டன. உயிரோடிருந்த பெண் தராசுக்கு வெளியே நின்றார்.

அதன்பின் சட்டம் சிறிது சிறிதாகத் தன் முகத்தைத் திருப்பி வருகிறது. 2008இல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 66ஈ பிரிவு, ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமின்றிப் படமெடுப்பதையும் பரப்புவதையும் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கிற்று. சம்மதம் என்ற சொல் அங்கே வந்துவிட்டது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், குழந்தைகளைக் கொண்டு எடுக்கப்பட்ட படங்களை "ஆபாசப் படம்" என்றே வழங்கலாகாது, "பாலியல் சுரண்டலும் வன்கொடுமையும்" என்ற சொற்களாலேயே குறிக்க வேண்டும் என்று நீதிமன்றங்களுக்குக் கூறியது. சொல் மாறியதால் என்ன என்று கேட்பீராயின், பழைய சொல் பார்ப்பவனைக் குறித்தது, புதிய சொல் குழந்தையைக் குறிக்கிறது என்போம்.

ஆபாசப் படம் ஒன்றே பெண்ணைப் பண்டமாக்குகிறது என்று எண்ணி, குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கும் விளம்பரத்தைக் குற்றமற்றதென்று கொள்வாரும் உளர். 1975இல் சந்தைக்கு வந்த "ஃபேர் அண்ட் லவ்லி" என்னும் முகப்பூச்சின் விளம்பரங்களை நினைவு கூருங்கள். கருநிறப் பெண் ஒருத்தி; வேலை கிடைக்கவில்லை, அல்லது வரன் அமையவில்லை; பூச்சைத் தடவுகிறாள்; வெளுக்கிறாள்; கதவுகள் திறக்கின்றன. ஆடை குறைந்த காட்சி ஒன்றுமில்லை. நீதிமன்ற அளவுகோலில் இது மிகத் தூய்மையானது! அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தினர் இவ்விளம்பரங்களை எதிர்த்துப் போராடினர். 2014இல் விளம்பரத் தரக் கழகம், கருநிறத்தாரைத் தாழ்ந்தவராகவோ மகிழ்ச்சியற்றவராகவோ காட்டலாகாது என்று விதி வகுத்தது. 2020இல் பூச்சின் பெயர் "க்ளோ அண்ட் லவ்லி" என்றாயிற்று. 45 ஆண்டுக் காலம் ஓர் எண்ணத்தை வீடு வீடாக விதைத்த பின் டப்பாவின் மேலெழுத்து மாறிற்று. நிறத்தைப் பிறப்பின் அடையாளமாக்கி நம் பாட்டன்மாரை ஊருக்கு வெளியே நிறுத்திய நாட்டில், அவ்விளம்பரம் எந்த வீட்டுப் பெண்ணின் நெஞ்சில் ஆழமாகத் தைத்திருக்கும் என்பதை இவ்வேட்டின் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

பெண் என்றால் இன்னதுதான் என்று அச்சடித்து வைக்கும் வழக்கம் புதிதன்று. சோமா தேரி நண்பகலில் மரத்தடியில் அமர்ந்திருந்தபோது மாரன் வந்து, முனிவர்க்கும் அரிதான நிலையை இருவிரல் அறிவுடைய பெண் எய்தவியலாது என்றான். சோறு வெந்ததா என்று இரண்டு விரலால் நசுக்கிப் பதம் பார்ப்பவள், அதற்கு மேல் அறிவில்லாதவள் என்பதே அவ்வசையின் பொருள் என்று உரை கூறுகிறது. மனம் ஒருமையுற்று அறிவு தெளிந்தவிடத்துப் பெண்மை என்ன செய்யும் என்று தேரி கேட்டாள். நான் பெண், நான் ஆண் என்று எண்ணிக் கிடப்போரிடம் போய்ப் பேசு என்று மாரனை அனுப்பியும் விட்டாள். அவள் அவனோடு வாதாடித் தன் அழகையோ கற்பையோ நிறுவ முற்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மீண்டும் நமது வீதிக்கு வருவோம். அடுத்த ஞாயிறன்று வகுப்புக்கு வந்த இளைஞர் பதினொருவரிடமும், "அப்படம் உங்களில் எவர் கைப்பேசிக்கு வந்தது?" என்று கேட்டோம். தலை கவிழ்ந்தன. ஒருவரும் இல்லையென்று கூறவில்லை. எவர் மற்றொருவருக்கு அனுப்பினீர் என்று கேட்டோமில்லை. அது கூட்டத்தில் கேட்கும் கேள்வியன்று. கடிந்துரைத்த உறவினர் மூவரையும் தனியே கண்டு, 1942 ஜூலையில் நாகபுரியில் கூடிய தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் பாபாசாகேப் கூறியதை நினைவூட்டினோம். ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தைப் பெண்கள் அடைந்த முன்னேற்றத்தைக் கொண்டே அளப்பதாக அவர் அங்கே கூறினார். மூவரில் மூத்தவர், "அதெல்லாம் சரி, ஊர் வாயை மூட முடியுமா?" என்றார். நாம் மறுமொழி கூறுமுன் அவர் மனைவியார் உள்ளிருந்து, "முதலில் உங்கள் வாயை மூடுங்கள்" என்றார். அதற்குமேல் நமக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

இத்தகைய இடர் நேர்ந்த குடும்பத்தார் செய்ய வேண்டுவதையும் இங்கே குறிக்கிறோம். நம்மிற் பலர் அறியாதிருக்கின்றனர். படத்தை அவமானத்தால் உடனே அழித்துவிடாமல், வந்த எண், நாள், நேரம் ஆகியவற்றோடு சான்றாக வைத்துக்கொள்ள வேண்டும். காவல் நிலையத்துக்குச் செல்லலாம். மத்திய உள்துறை அமைச்சகம் 2019இல் தொடங்கிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் பெண்கள் பெயர் கூறாமலும் இத்தகைய புகார் அளிக்கலாம். ஒட்டுப்படங்களும் உட்பட, இவ்வகைப் படங்களைப் பற்றிப் பாதிக்கப்பட்டவர் முறையிட்டால் வலைத்தள நிறுவனங்கள் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டுமென்று 2021ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. அந்த அம்மையாரும் மகளும் நமது உபாசிகை ஒருவரின் துணையோடு காவல் நிலையம் சென்றனர். முதல் நாள் அங்கிருந்தவர் அக்கறை காட்டவில்லை. இரண்டாம் நாள் புகாரைப் பெற்று இரசீது கொடுத்தனர். விசாரணை நடைபெற்று வருகிறது.

பதினொருவரில் ஒருவர் மறுநாள் இரவு நம் இல்லத்துக்கு வந்தார். வாயிலில் நெடுநேரம் நின்றார். தாம் இருவருக்கு அனுப்பியதாகவும், அவ்விருவரிடமும் சென்று தம் முன்னிலையிலேயே அழிக்கச் செய்ததாகவும் கூறினார். காவல் நிலையத்தில் உண்மையைக் கூற ஆயத்தமா என்று வினவினோம். ஆம் என்றார், குரல் மட்டும் நடுங்கிற்று. மறுநாட் காலை உடன் சென்றோம்.

அப்பெண் கல்லூரிக்குத் திரும்பியிருக்கிறாள். வருகிற பௌர்ணமியன்று சம்யுத்த நிகாயத்துச் சோமா சூத்திரத்தை நமது வகுப்பில் வாசிப்போம். வாசிக்க ஒப்புக்கொண்டிருப்பவள் அவளே. அங்கத்தினர் அனைவரும் மாலை 6 மணிக்கு முன்னரே வந்து அமர வேண்டுகிறோம். கைப்பேசிகளை வாயிலில் உள்ள மரப்பெட்டியில் வைத்துவிட்டு வரவும்.